மாமாவைக் கழட்டிய மன்னார் அண்ணை

எங்கள் அப்பாவுக்குப் பந்து விளையாடத் தெரியாது. ஆனாலும் பாரிஸ் லா சப்பலில் தமிழ்ப் பெடியள் உதைபந்தாட்டக் குழு அமைத்தபோது, ஆள் தெரிவு செய்கிற பொறுப்பை அவரிடம்தான் கொடுத்தார்கள். மைதானத்தில் சத்தம் போடாமல் நிற்கக்கூடிய ஒரே ஆள் அவர் என்பது காரணமாக இருக்கலாம். அம்மாவுக்கு ஞாயிறும் வேலை. அதனால் எட்டு வயதுக்காரியான நானும் அவரோடு போவேன்.

“பந்து காலுக்கு வந்தாப்பிறகு எல்லாரும் விளையாட்டுக்காரர்தான். வாறதுக்கு முதல், தன்னைப் பிடிக்கிறவனைக் கழட்டிப்போட்டுத் தனிய நிக்கிறானோ எண்டு பார்,” என்பார் அப்பா. முன்வரிசைக்கு ஆசைப்படுகிறவர்களை எல்லாம் மாமாவோடு ஓடவிட்டுத்தான் சோதிப்பார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, எங்கள் பின்வரிசைச் சூரர். சப்பாத்தில் ஒட்டிய சுவிங்கம் மாதிரி, பிடித்த ஆளை விடமாட்டார். அவரை நினைத்து எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு வசந்தத்தில் முன்வரிசையில் ஓர் இடம் காலியானது. குழுவுக்குச் சட்டை வாங்கித் தருகிற சாப்பாட்டுக்கடை முதலாளி, தெரிவாகிறவருக்குத் தன் கடையில் கோப்பை கழுவும் வேலையும் தருவதாகச் சொன்னார். எங்கள் வீட்டு நடைவழியில் படுத்தெழும்பிய மன்னார் அண்ணைக்கு அந்த வேலைதான் வேண்டும். குளிர்காலம் முழுக்கக் கடைகடையாக ஏறி இறங்கியும் ஒன்றும் சரிவரவில்லை. மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். பாவம், தங்கமான மனிதர். ஓட்டம் மட்டும் காணாது.

அன்று முதலாளியும் வந்து கோட்டுக்கு வெளியே நின்றார். மன்னார் அண்ணை இடப்பக்கம் போவதுபோலக் காட்டி வலப்பக்கம் ஓடினார். அது எனக்கே தெரிந்தது. மாமாவோ இடப்பக்கம் போனார். அடுத்த முறையும் அப்படியே. பிறகு தடுக்கி விழுந்தும் தொலைத்தார். மன்னார் அண்ணை பக்கத்தில் ஒரு குருவிகூட இல்லாமல் நின்று, பந்து கேட்டுக் கைகாட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“உங்கட மச்சானுக்கு என்ன நடந்தது?” என்றார் முதலாளி.

“அவர் நல்லாத்தான் பிடிக்கிறார். பெடியன் கழட்டுறான். இவனை எடுப்பம்,” என்றார் அப்பா. பிறகு மாமாவிடம் வந்து, “காலிலை நோவோ?” என்று கேட்டார்.

“ஓம் அத்தான், கொஞ்சம்.”

“வீட்டை போய் எண்ணெய் போடும்,” என்றார் அப்பா. அதற்குமேல் ஒரு சொல் ஏசவில்லை.

வீடு திரும்பும் மெத்ரோ ரயிலில் மன்னார் அண்ணைக்கு வாய் மூடவில்லை. தான் எப்படிக் கழட்டினார் என்று மாமாவுக்கே கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினார். மாமா, “எனக்குத் தெரியவே இல்லை அண்ணை, திருப்பிச் சொல்லுங்கோ,” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். தோற்ற மனிதருக்கு இவ்வளவு சந்தோசமா? பக்கத்தில் இடமிருந்தும் நான் அவரோடு இருக்கவில்லை. வெட்கங்கெட்ட மாமா என்று நினைத்து, இரண்டு நாள் அவரோடு கதைக்கவுமில்லை.