ரெக்கார்டு நோட்டில் ஓடிய கிலோமீட்டர்கள்

மெதுவாக ஓடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மகள் ஓடுவது எண்ணூறு மீட்டர். பள்ளி அணியில் இடம் வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் அவள் வேறெதுவும் கேட்கவில்லை. இரண்டரை நிமிடத்தில் முடிகிற பந்தயத்துக்கு ஞாயிறுதோறும் பத்து கிலோமீட்டர் எதற்கு, அதையும் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் எதற்கு என்று அவளுடைய பயிற்சியாளரிடம் கேட்டேன். நிதானமான நீண்ட ஓட்டம்தான் மூச்சை வளர்க்கும், பந்தயத்தின் கடைசியில் அதுதான் கைகொடுக்கும், அதையே விரட்டி ஓடினால் கால் செத்துவிடும் என்றார் அந்த அம்மாள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

மாதத் தேர்வு, வாரத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று வளர்ந்த ஜென்மம் நான். குடியேறி வந்த இந்த நாட்டில், மவுண்ட் ஆல்பர்ட் புறநகரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் பின்னால் சைக்கிளில் கத்திக்கொண்டே போனேன். "போன வாரத்தைவிட ஒரு நிமிஷமாவது குறையணும்!" நாயோடு நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை.

"அப்பா, இட்ஸ் மென்ட் டு பி ஈஸி," என்றாள் மூச்சிரைக்க.

"ஈஸியா ஓடினா ஈஸியாத் தோத்துட்டு வருவ."

பயிற்சியாளர் டைரி எழுதச் சொன்னார். அங்கேதான் என் கேடுகெட்ட புத்தி வேலை செய்தது. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில், வர வேண்டிய விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற அளவீடுகளைப் பிறகு நிரப்பியவர்கள் நாங்கள். டைரியும் இன்னொரு ரெக்கார்டு நோட்டானது. பயிற்சியாளர் கேட்ட வேகத்தையே நான் சொல்லச் சொல்ல, அவள் தன் கையெழுத்தில் எழுதினாள். அதை நம்பி, பெண் சிரமமில்லாமல் ஓடுகிறாள் என்று அவர் தூரத்தைக் கூட்டினார். கூட்டிய தூரத்தையும் நான் விரட்டினேன். வாசல் படியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியபோது, "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

அணிக்கான தேர்வு ஓட்டத்தில் முதல் சுற்றை இரண்டாவதாக முடித்தாள். அடுத்த சுற்றில் கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கடைசி வளைவில் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். எல்லாருக்கும் பின்னால் வந்து புல்லில் உட்கார்ந்தாள்.

பயிற்சியாளர் டைரியைப் புரட்டிக் குழம்பிப்போனார். "இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதானே?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் ஷூவைப் பார்த்தேன்.

"யெஸ்," என்றாள்.

அப்படியானால் உன் உடம்புக்கு எண்ணூறு ஒத்துவரவில்லை போலிருக்கிறது, விட்டுவிடலாம் என்று அவர் அவள் தோளைத் தொட்டுக் கனிவாகச் சொன்னார். மகள் தலையாட்டினாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறந்தேன். காரை எந்தப் பக்கம் நிறுத்தினோம் என்று அவளிடம் கேட்டேன்.