மீதி ஏழு நிமிடம்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் காந்திபுரம் வந்து ரிஃபானாவையே கேட்டுக்கொள்ளலாம். நடந்தது பட்டப்பகலில். அந்த மாடிக் கண் கிளினிக்கின் இருட்டறைக்குள் இன்றும் அவள் தனியாகப் போவதில்லை.

கண் பிரஷர் பார்ப்பது அவள் வேலை. கருவியின் முனை நேராகக் கருவிழியைத் தொடும். ஒருவருக்குப் பார்த்ததும் முனையைக் கழற்றி, மருந்துத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கழுவித் துடைத்துத்தான் அடுத்தவருக்கு மாட்டவேண்டும். இருந்த இரண்டு முனைகளில் ஒன்றில் அன்று கீறல் விழுந்துவிட்டது. வெளியே கூட்டமோ வராந்தா கொள்ளவில்லை.

மதியம் 12.52. நஞ்சப்பன் என்பவருக்குப் பார்த்து முடித்து, முனையைக் கிண்ணத்தில் போட்டு டைமரைத் திருகினாள். டிக்... டிக்...

அடுத்தவர் வெள்ளகோவில் பாவாத்தாள். கதவுக்கு வெளியிலிருந்தே அவசரப்படுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, ஒன்றரைக்கு பஸ்ஸுங்க."

12.55. யார் பார்க்கப்போகிறார்கள் என்று கிண்ணத்துக்குக் கையை நீட்டினாள்.

காதோரம் ஒரு பெண்குரல்.

"இன்னும் ஏழு நிமிசம் இருக்குதுங்க."

திரும்பினாள். யாருமில்லை. எல்லாம் பசி மயக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டு முனையைக் கழுவி மாட்டினாள். பாவாத்தாளை உட்காரவைத்து, முனை கண்ணைத் தொடுமுன் கருவியின் லென்ஸில் பார்த்தாள்.

செக்கச் சிவந்த கண். சீழ் கோத்து... இமைக்கவே இல்லை.

நிமிர்ந்தாள். எதிரே பாவாத்தாளின் கண் தெளிவாக இருந்தது.

மறுபடி லென்ஸ். அதே சிவப்புக் கண்.

அவளையே பார்த்தது.

புறங்கையில் ஒரு சொட்டு...

சுட்டது.

ரிஃபானா சட்டென்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். முனையைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். இந்த முறை பத்து நிமிடமும் முழுதாக விட்டாள். டைமர் மணியடித்த பிறகு லென்ஸில் தெரிந்தது பாவாத்தாளின் கண்தான்.

போகும்போது பாவாத்தாள் கேட்டார். "வலது கண்ணப் பொத்திக்கிட்டு உங்க பின்னால ஒரு அம்மா நின்னாங்களே, எப்பப் போனாங்க?"

மூன்றாம் நாள் நஞ்சப்பன் இரண்டு கண்ணும் சிவந்து வந்து நின்றார். ஒட்டிக்கொள்ளும் கிருமி, அன்றைக்கே உள்ளே இருந்திருக்கும் என்றார் டாக்டர். அப்போதுதான் ரிஃபானா, தனக்கு முன் அந்த அறையில் வேலை பார்த்த சாமுவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் வெளுத்துப்போனது.

"சோமனூர்க்காரம்மா. போன வருசம் இங்க பாத்துட்டுப் போனவங்க. கிருமி ஏறி வலது கண்ணு போச்சு. ஆடியில அவங்களும் போய்ட்டாங்க."

"எப்படீங்கண்ணா ஏறுச்சு?"

"மூணே நிமிசத்துல எடுத்து மாட்டிப்போட்டேன் அம்மணி. இன்னிவரைக்கும் அதை யாருகிட்டயும் நான் சொன்னதில்லைங்க."