களைக்குது

இத்தாலியில் நம் சனம் குடியேறியிருக்கும் போர்கோ வெக்கியோவில் மாக்கிரட்டின் இத்தாலிய மொழிக்குப் பெரிய மவுசு. பகலில் ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டைக் கூட்டித் துடைப்பாள். மாலையானால் நம் சனத்துக்காகப் பேசப் புறப்பட்டுவிடுவாள். விசா பதியும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூரா, பள்ளிக்கூடம், டொக்டர் என்று எங்கே போவதென்றாலும் அவள் வேண்டும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது.

மேல்மாடி ஜெசிக்காவின் மூன்று வயது மகன் லக்சனுக்குக் காய்ச்சலும் இருமலும்.

"அக்கா, பிள்ளைக்குக் களைக்குது. டொக்டரோடை ஒருக்காக் கதையுங்கோ," என்றாள் ஜெசிக்கா.

மூச்சு வாங்கினாலும் நம் ஆட்களுக்குக் களைப்புத்தான், உடம்பு சோர்ந்தாலும் களைப்புத்தான். போனில் மாக்கிரட்டின் வாயில் வந்தது 'ஸ்தாங்கோ'. சோர்வு என்று அர்த்தம். காய்ச்சலென்றால் சோர்வு இருக்கும், தூங்கட்டும் என்றார் டொக்டர்.

"படுத்தெழும்பினால் சரியாம். பயப்பிட ஒண்டுமில்லையாம்," என்று மாக்கிரட் பெருமையோடு சொன்னாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவள் பிள்ளையை எட்டிப் பார்த்தாள். குளிருக்குப் பயந்து இரண்டு கம்பளிச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். வேர்த்திருக்கிறதா என்று அவற்றை உயர்த்தினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பின் கீழே குழி விழுந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து ஒடுங்கின. ஜெசிக்காவின் பக்கம் திரும்பினாள்.

"வெளிக்கிடு பிள்ளை. ஆசுப்பத்திரிக்குப் போவம்."

அங்கே இருந்த பெண் டொக்டர் யாருடைய பேச்சுக்கும் காத்திருக்கவில்லை. பிள்ளையின் மேற்சட்டையைக் கழற்றி, மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணினார். விரலில் சின்னக் கருவியை மாட்டி, இரத்தத்தில் ஒக்சிசன் குறைந்திருக்கிறது என்றார். எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாகத் தெரிந்தது. நிமோனியா. இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார்.

பிள்ளைக்கு ஒக்சிசன் கொடுத்து, நரம்பில் மருந்தும் ஏற்றினார்கள். நடையில் நின்ற மாக்கிரட் அழுதுவிட்டாள்.

"நான்தான் பிழையாச் சொன்னனான். மூச்சு வாங்குதெண்டு சொல்லேல்லை. அலுப்பெண்டு சொல்லிப்போட்டன்."

ஜெசிக்காவுக்குக் கோபம் வந்தது. வராமல் என்ன செய்யும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கடைசியில், "டொக்டர் கூப்பிடுறா. நீங்கள் வராட்டி எனக்கு ஆர் சொல்லுறது?" என்றாள்.

மருந்து எத்தனை நாள், எது நடந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று டொக்டர் மளமளவென்று சொல்லிவிட்டு எழும்பப் பார்த்தார். மாக்கிரட் அவருடைய கையைப் பிடித்தாள். இந்த ஊரில் இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை இத்தாலிய மொழியில் சொன்னாள்.

"எனக்கு விளங்கவில்லை. திருப்பிச் சொல்லுங்கள்."