உண்ணிக் காய்ச்சலுக்கு இரண்டு குழாய் ரத்தம்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவர்களைக் கண்டால் தெருநாய்கூடத் தள்ளி நிற்கும். இந்த வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவார்கள். நான் போவது ஓர் ஆராய்ச்சிக்காக. உடம்பில் கிருமி நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் சில மரபணுக்களை முடுக்கிவிடும், சிலவற்றை அடக்கிவைக்கும். அந்த மாற்றத்தைப் பார்த்தே ‘இது உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்லிவிட முடியுமா என்று பார்க்கிறோம். இன்னும் சோதனைக் கட்டம்தான் என்பதால் முடிவை நோயாளியிடம் சொல்வதில்லை. காய்ச்சலில் ஒரு குழாய், குணமான பிறகு ஒரு குழாய்.

ஆரோக்கியமான ஆள்

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். சென்னையில் பாடிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சந்தோஷமாகக் கையை நீட்டினார். காய்ச்சல், சளி, இருமல் எதுவும் இல்லை என்றார். குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து மூடும்போதுதான், தகடு கிழித்ததற்கு முந்தாநாள் டி.டி. ஊசி போட்டதைச் சொன்னார். தடுப்பூசி வெள்ளை அணுக்களை உசுப்பிவிடும். அந்த ரத்தம் எங்களுக்கு ஆகாது. தலையில் கை வைத்துக்கொண்டேன். “இன்னாமா, ஒடம்பு நல்லா இருக்கத்தானே ஊசி போட்டுக்கினேன்! அதுவும் நோவுல சேத்தியா?”

நாடாவுக்குக் கீழே

கொரட்டூர் ஏரிப் பக்கம் ஆடு வளர்க்கும் கஸ்தூரி அக்காவுக்கு ஏழு நாளாகக் காய்ச்சல். இரண்டு டாக்டர் பார்த்தாயிற்று, மாத்திரைக்கு அடங்கவில்லை. எழுந்து உட்காரவே சுவரைப் பிடித்தார். முடிவு உங்களுக்கு வராது என்று படிவத்தைப் படித்துக் காட்டும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

ரத்தம் எடுத்து முடித்ததும் அவர் இடுப்பைச் சொறிந்தார். காட்டச் சொன்னேன். பாவாடை நாடாவுக்குக் கீழே, சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. உண்ணி கடித்த அடையாளம்! ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அன்றே சரியான மருந்தை ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. இதை ஏன் முன்பே காட்டவில்லை என்று கேட்டேன். “ஆம்பள டாக்டரும்மா. காச்சலுன்னு போய்ட்டு நாடாவயா அவுத்துக் காட்டுவாங்க?”

இன்னொருவர் குழாய்

ஒரு மாதம் கழித்து இரண்டாவது குழாயோடு போனேன். அக்கா கையைத் தரவில்லை. “நல்லா ஆய்ட்டேன், இன்னும் எதுக்கு ரத்தம்? நீ கண்ணால பாத்தே கண்டுபுட்ச்சிட்ட. அப்பறம் மிஷினு எதுக்கு?” என்றார்.

நியாயமான கேள்விதான். அக்காவிடம் முதல் குழாய் எடுத்த அதே வாரம் ஆவடியில் ஒருவரிடமும் காய்ச்சலில் ரத்தம் எடுத்திருந்தேன். அவர் உடம்பில் எங்கு தேடியும் பொருக்கு இல்லை. உண்ணிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தபோது ஆள் உயிரோடு இல்லை. அவருடைய இரண்டாவது குழாய் என் பெட்டியில் காலியாகவே கிடக்கிறது. தூக்கிப் போட மனசில்லை. இதைச் சொன்னதும் அக்கா இரண்டு கைகளையும் நீட்டினார். “அந்தக் குழாயும் எடுத்தாந்துகீறியா? அவுருக்கும் சேத்து எடுத்துக்கோ.”

ஒருவர் குழாயில் இன்னொருவர் ரத்தம் சேரக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். அதை அக்காவிடம் சொல்ல மட்டும் எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.