கட்டாத வீடு இடிந்த கதை

கோவையில் இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஒரு வீடு, கொஞ்ச நாள் முன்பு கொடைக்கானலில் எங்கள் வீட்டு முன்னறையில் தினமும் சாயங்காலம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

பயப்படாதீர்கள். கம்ப்யூட்டரில்தான்.

என் மகள் கயல், கோவையில் ஒரு டிசைன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கட்டி, உள்ளே நடந்து பார்ப்பதுபோல வீடியோ செய்து கொடுப்பது அவள் வேலை. வாசலில் நுழைந்தால் ஹால், திரும்பினால் பூஜை அறை, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம்... வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "கிச்சன் சின்னதா இருக்கே" என்று ஒரு செங்கல்கூட அடுக்குவதற்கு முன்பே சண்டை போடலாம். எவ்வளவு வசதி!

அந்த வீடியோ உருவாக, காலையில் ஆரம்பித்தால் இருட்டிவிடும். ரெண்டரிங் என்கிறார்கள். அத்தனை நேரமும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு மாங்கு மாங்கென்று உழைக்கும். கம்ப்யூட்டர் பெட்டியே அடுப்பு மாதிரி சூடாகி, புஸ் புஸ்ஸென்று மூச்சு விடும். குளிர் நாளில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது எனக்குப் பிடிக்கும்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். இருக்கிறது. பள்ளிக்கூடம் முடித்து மலையை விட்டு இறங்கியவள், காலேஜ், வேலை என்று இத்தனை வருடம் ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டாள். இந்த மழைக்காலத்தில்தான் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்தாள். அதுவும் சும்மா இல்லை... இந்த ஒரு வீட்டை வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் இங்கேயே தொடரலாம். முடியாவிட்டால் பெட்டி படுக்கையோடு கோவைக்குத் திரும்ப வேண்டும். அவள் வந்தபிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் சத்தம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. அதை விட எனக்கு மனசில்லை.

முதல் நாள் சாயங்காலம், முக்கால்வாசி முடிந்திருந்த வேளையில் திரை கறுத்தது. பிறகு, டிஸ்ப்ளே டிரைவர் வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. அன்றைய உழைப்பு மொத்தமும் போச்சு.

"டிரைவர் ப்ராப்ளம்மா," என்றாள் கயல். கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பேசிவைக்கிற சாஃப்ட்வேருக்குத்தான் டிரைவர் என்று பெயராம். "போன வாரம் அப்டேட் பண்ணேன்ல, அதுலதான் ஏதோ கொழப்பிருச்சு. பழசையே போட்டுட்டா சரியாயிரும்."

பழசைப் போட்டாள். மறுநாள் சாயங்காலம் மறுபடி கறுப்பு. எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக டவுன்லோடு செய்தாள். மழை நாளில் எங்கள் ஊர் இன்டர்நெட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். அது வந்து சேர்வதற்குள் நான் குருமா வைத்து, சப்பாத்தி போட்டு, பாத்திரமும் கழுவிவிட்டேன். புது டிரைவருக்கும் அதே கதிதான்.

இதற்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. வியாதிக்கு மட்டும்தான் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். கம்ப்யூட்டருக்கும் சொல்வார்கள். எதிர்வீட்டு டீச்சர், "வைரஸா இருக்கும்" என்றார். பக்கத்தில் காட்டேஜ் நடத்துகிறவர் சொன்னதுதான் நம்பும்படி இருந்தது. "சாயங்காலம் ஆனா டூரிஸ்ட்டுக எல்லாரும் ரூம் ஹீட்டரப் போட்டுர்றாங்க. வோல்டேஜ் டவுனாகுது. அதுதாங்க ஒங்க பில்டிங்கச் சாய்க்குது."

அடடா! எங்கோ சென்னையிலிருந்து வந்தவர் குளிர் காய, என் மகளின் வேலை கெடுவதா? அன்று முழுக்க எனக்கு டூரிஸ்ட்டுகள் மேல் கோபம். வழி கேட்ட ஒரு குடும்பத்துக்குக்கூட முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

கடைசியில் பெட்டியை ஒரு சால்வையில் சுற்றி, ஆட்டோவில் ஏற்றி, பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாயிடம் கொண்டுபோனோம். அவர் கார்டைக் கழற்றித் தூசி தட்டி, சூட்டைக் கடத்துவதற்குப் பூசியிருந்த, காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றிப் பூட்டினார். பகல் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார். சாயங்காலம் போனால், பெட்டி சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஒரு வம்பும் பண்ணலங்க அக்கா. தங்கமா ஓடுது."

"வீட்டுக்கு வந்தா மட்டும் ஏன் பாய் இப்படிப் பண்ணுது?"

"அதாங்க எனக்கும் வெளங்கல," என்று தாடியைத் தடவினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் ஓடவிட்டாள். சாயங்காலம், கறுப்பு. டாக்டர் முன்னால் மட்டும் இருமல் நின்றுவிடுகிற ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கம்ப்யூட்டர்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பூம்பாறையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, பூண்டும் கேரட்டும் போட்டிருக்கிறோம். வெள்ளனே பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். தலையிலிருந்து கால்வரை நனைந்து, நடுங்கிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்பது ஒன்றுதான். "பாப்பாவுக்குச் சோலி முடிஞ்சிச்சா?" இல்லை என்றால் காபி டம்ளரோடு முன்னறையில் போய்க் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். பேசமாட்டார். மகள் போய்விடுவாளோ என்ற பயம் என்னைவிட அவருக்குத்தான் அதிகம். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வராது.

வியாழக்கிழமை. மறுபடி கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கயல் தன் மேனேஜருக்கு வீடியோ கால் போட்டாள். அவர் கோவைக்காரர். கண்டிப்பானவர். சாக்கு சொல்கிறாள் என்று நினைத்துவிடக் கூடாதே என்று, போனைத் திருப்பித் திரையைக் காட்டினாள்.

"பாருங்க மேடம், இப்பத்தான் க்ராஷ் ஆச்சு. டிரைவர் மாத்திட்டேன், கார்டு செக் பண்ணிட்டேன்..."

அந்தப் பக்கம் மேனேஜர் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்தார்.

"கயல், கேமராவக் கொஞ்சம் மேல தூக்குங்க. அந்த கேபினட் மேல என்னங்க அது... சாக்ஸா?"

நான், கயல், அவள் அப்பா மூன்று பேரும் அப்போதுதான் பார்த்தோம். பெட்டியின் தலையில், சூடான காற்று வெளியேறும் வலைமேல், வரிசையாக, அழகாக நீவிவிட்டு... என் வீட்டுக்காரரின் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ். பக்கத்தில் ஒரு குரங்குக் குல்லா.

பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். தினமும் பார்த்தோம். ஆனால் மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எந்த வீட்டில் எதன்மேல் துணி இல்லை? பனிமூட்டமாக மஞ்சு இறங்கிவிட்டால் கொடியில் போட்டது நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதனால் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் பனியன், இன்வெர்ட்டர்மேல் துண்டு, வெந்நீர்ப் பானை மூடிமேல் கர்ச்சீப். எங்கே கொஞ்சம் சூடு உண்டோ அங்கே ஒரு துணி. டிரைவரைச் சந்தேகப்பட்டோம், வைரஸைச் சந்தேகப்பட்டோம், டூரிஸ்ட்டுகளைச் சந்தேகப்பட்டோம். சாக்ஸைச் சந்தேகப்பட எங்கள் ஊர்க்காரருக்கு வராது. அதற்கு வெயில் காய்கிற ஊரிலிருந்து ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது.

கயல் சோதித்தும் பார்த்துவிட்டாள். கார்டுக்கு வேலை கொடுத்து, சாக்ஸை மேலே வைத்தால் கார்டின் சூடு மடமடவென்று ஏறுகிறது. எடுத்தால் இறங்குகிறது. அவர் வந்து ஈர சாக்ஸைக் காயப்போடுகிற சாயங்கால வேளையில்தான் தினமும் திரை கறுத்திருக்கிறது. மூச்சுக்குழலை அடைத்தால் யார்தான் மயங்கி விழமாட்டார்கள்?

என் வீட்டுக்காரர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சாக்ஸைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"நானேல்ல எம்புள்ளய அனுப்பி வைக்கப் பாத்திருக்கேன்," என்றார். குரல் உடைந்துவிட்டது. எங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"ப்பா, விடுங்கப்பா. ஒரு நாள் இருக்கு," என்றாள் கயல்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே ஓடவிட்டாள். நான் முன்னறையில் ஒரு துணியும் விடாமல் வாரி எடுத்தேன். ஜன்னல் திரையைக்கூட. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் வரவில்லை. வெறுங்காலோடு, ஈர சாக்ஸைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

"முடிஞ்சிச்சா?"

"இன்னும் கொஞ்சம்தான். உள்ள வாங்க, குளிருது."

"இருக்கட்டும். முடியட்டும்."

முடிந்தது. இடியாமல், கறுக்காமல், வாசலிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் அந்த வீடு முழுசாக எழுந்து நின்றது. அடுப்பை அணைக்க மறந்து நானும் நின்று பார்த்தேன். இரண்டாவது மாடியில் துணி காயப்போட ஒரு பெரிய பால்கனி வைத்திருக்கிறார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. இங்கிருந்தே தொடரலாமாம். கீழே ஒரு வரி: 'சாக்ஸ மட்டும் பாத்துக்கங்க.' கண்டிப்பானவர் என்று சொன்னேன் அல்லவா, அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கயல் அப்பாவைத் திட்டவில்லை. பெட்டியின் பின்பக்கமும் ஒரு ஃபேன் சூடான காற்றைத் தள்ளுகிறது. அதிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, சுவரில் ஆணி அடித்து, ஒரு சின்னக் கயிறு கட்டிக் கொடுத்தாள். இப்போது கம்ப்யூட்டரும் மூச்சு விடுகிறது, சாக்ஸும் காய்கிறது. எங்கள் வீட்டில் துணி காய வேண்டுமென்றால் கோவையில் யாராவது வீடு கட்ட வேண்டும்.

நேற்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த என் வீட்டுக்காரர் மகளிடம் கேட்டார். "பாப்பா, அடுத்த வீடு எப்பம்மா ஆரம்பிக்கிற?"

"ஏன்ப்பா?"

"சாக்ஸு காயாமக் கெடக்குல்ல, அதுக்குத்தான்."

மழை நின்று ஒரு வாரம் ஆகிறது. வெளியே நல்ல வெயில், கொடி காலியாகத்தான் கிடந்தது.