உலக முடிவை நாலு வருடம் தள்ளிப்போட்ட கதை

இன்று காலை எங்கள் அண்ணைக்கு வலது கண்ணில் ஒப்பரேசன் முடிந்தது.

கண்புரைதானே, இதிலென்ன புதினம் என்று கேட்பீர்கள். இதற்காக நாங்கள் உலக முடிவையே தள்ளிப்போட வேண்டியிருந்தது!

அண்ணை அச்சுவேலியில் முப்பத்தைந்து வருடம் கணக்கு ரியூசன் கொடுத்தவர். சோதனைக்கு முந்தின கிழமை, 'இந்த முறை இது வரும்' என்று பத்துக் கேள்வி போட்டுக் கொடுப்பார். அதில் ஆறேழு அப்படியே வரும். பெற்றோர் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

வினையே அங்கேதான் தொடங்கியது.

நாங்கள் சைவக் குடும்பம். அண்ணை ஞானஸ்நானம் எடுத்துப் பத்து வருடமாகிறது. அது அவர் விருப்பம், தங்கச்சி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வேதாகமத்தைப் பழைய வினாத்தாள் மாதிரி விரித்து வைத்துக்கொண்டு, ஆண்டவர் எப்போது வருவார் என்று 'எதிர்பார்க்கை வினா' போடத் தொடங்கினால் யார் தாங்குவது?

ஒரு நாள் என்றால் ஒரு வருடமாம். எழுபது வாரமாம். அதைக் கழித்து, இதைக் கூட்டி, மூன்று தடித்த சி.ஆர். நோட்டுக் கொப்பி முடிந்துவிட்டது.

விடை: அடுத்த மாதம் இரண்டாம் கிழமை!

(அந்த வாரத்தில் கரிநாள் வருகிறதா என்று கலண்டரையும் ஒருதரம் பார்த்தாராம். பழக்கதோஷம்!)

போன ஞாயிறு மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, அழுதுகொண்டே போன் எடுத்தார்.

"பிள்ளை, உவர் ஒப்பரேசனுக்குப் போகமாட்டாராம். ஒருக்கா வந்து கதையும்."

ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி அது. இடது கண் ஏற்கனவே போய்விட்டது. வலதும் முத்திவிட்டது, இனிப் பிந்தினால் பார்வை திரும்பாது என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

மானிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினேன். மனிதர் கொப்பியை மூக்கில் ஒட்டிப் பிடித்தபடி கதிரையில் இருக்கிறார்.

"அண்ணை, ஏன் ஒப்பரேசன் வேண்டாமாம்?"

"ஒரு மாசத்துக்கு என்னத்துக்குப் பிள்ளை கண்ணை வெட்டுவான்? அங்கை போனால் புதுச் சரீரமே கிடைக்கும்."

"அந்த நாள் ஒருத்தருக்கும் தெரியாதெண்டு ஆண்டவரே சொல்லியிருக்கிறாரெல்லோ?"

"நாளும் நேரமும் தெரியாதெண்டுதான் சொன்னவர். கிழமை தெரியாதெண்டு சொல்லேல்லை."

நான் பாஸ்ரரைத் துணைக்கு இழுத்தேன்.

"உங்கடை பாஸ்ரர் என்ன சொல்லுறார்?"

"ஒப்பரேசனைச் செய்யச் சொல்லுறார். அவருக்குக் கணக்கு ஓடாது."

"ரெண்டு வருசத்துக்கு முந்தியும் ஒரு திகதி சொன்னியளே, ஒண்டும் நடக்கேல்லையே?"

"அது மாதிரிப் பரீட்சை."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்தவர் இந்த மனிதர். இவர் சுவரைத் தடவித் தடவி நடப்பதா? கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தேன்.

"சரி, கணக்கைச் சரிபாத்தனீங்களோ?"

முகம் சிவந்துவிட்டது. "ஆரைப் பாத்துக் கேக்கிறாய்? சரிபாக்காத கணக்குக்கு நான் எப்பவாவது சரி போட்டிருக்கிறனோ?"

"அப்ப இப்ப என்ரை முன்னாலை செய்து காட்டுங்கோ."

கொப்பியை விரித்தார். தான் எழுதிய இலக்கமே அவருக்குத் தெரியவில்லை. நான் கை நீட்டுவதற்குள் மச்சாள் வந்து கொப்பியை வாங்கிக்கொண்டார். முகத்தைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். அண்ணை மனக்கணக்கிலேயே கூட்டிக்கொண்டு போனார். (அதில் மட்டும் இன்றைக்கும் சூரன்.)

"கடைசி வரியிலை எத்தினை வருசம் கூட்டச் சொல்லிக் கிடக்கு?"

"அஞ்சு."

"அஞ்சோ? ஒண்டெல்லோ?"

"வடிவா அஞ்செண்டு எழுதிக் கிடக்கு."

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"அப்ப... இன்னும் நாலு வருசம் கிடக்கு."

மச்சாள் கொப்பியை டக்கென்று மூடினார். அவரே தொடர்ந்தார்.

"நாலு வருசம் கண் இல்லாமல் இருக்கேலாது. அந்தக் கிளினிக் கொப்பியை எடும்."

தேத்தண்ணி போடும் சாட்டில் மச்சாளோடு குசினிக்குள் போய், கணக்குக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். கடைசி வரியில் பென்சிலால் எழுதியிருந்தது ஒன்று!

"மச்சாள், இதிலை ஒண்டெல்லோ கிடக்கு?"

"ஓம்."

"பேந்து ஏன் அஞ்செண்டு வாசிச்சனீங்கள்?"

"பொய் சொன்னது பாவந்தான். ஆண்டவரிட்டை மன்னிப்புக் கேட்டிட்டன். அவர் அடுத்த மாசம் வந்தால் நான் பதில் சொல்லுறன். வராட்டி உந்த மனிசனுக்கு ஆர் கண் குடுக்கிறது?"

இவ்வளவு காலமும் மச்சாளுக்கு அழ மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இன்று ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. பார்வை நன்றாக வரும் என்று டொக்டர் சொன்னார். பார்த்தவர்கள், பராமரித்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

நாங்கள் கட்டிலடியில் நின்று பெருமூச்சு விட்ட நேரம், கண்ணில் கட்டோடு படுத்திருந்த அண்ணை உற்சாகமாகச் சொல்கிறார்:

"கட்டை அவிட்டதும் முதல் வேலை, அந்தக் கொப்பியை எடுத்து முதலிலை இருந்து நானே பாக்கவேணும். அந்த அஞ்சிலை எனக்கு ஒரு சந்தேகம்."

மச்சாள் என்னைப் பார்க்கிறார். நான் மச்சாளைப் பார்க்கிறேன்.

கொப்பி இப்போது என் மடியில். கையில் பென்சில்.

கணக்கு வாத்தியார் கண்டுபிடிக்காதபடி ஒன்றை ஐந்தாக்குவது எப்படி? தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள். நாளை காலை கட்டு அவிழ்க்கிறார்கள்!