நான் அவிழ்த்த கயிறு

என் உயிரைக் காப்பாற்றியவரின் பிழைப்பை நான் பொய் சொல்லிக் கெடுத்தேன். அதை மறைத்துவிட்டு, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று மட்டும் உங்களிடம் சாட்சி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அது 1955. பிரெஞ்சுப் படை சைகோனை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. போரில் மூழ்கிய சரக்குப் படகுகளை ஆற்றிலிருந்து அகற்றும் கம்பெனி ஒன்றில் நான் முக்குளிப்பவன். பிரெஞ்சு படித்த காரைக்கால்காரன் என்பதால் மொழிபெயர்ப்பாளனும் நானே. முதுகில் காற்று உருளையோடு இறங்குவோம். தனியாக இறங்கக் கூடாது. இடுப்பில் கயிறு வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் ஒருமுறை இழுத்தால் கீழிருப்பவர் இழுத்துப் பதில் தர வேண்டும். காற்று மிச்சமிருக்கும்போதே ஏறிவிட வேண்டும். இந்த விதிகளை வியட்நாமியத் தொழிலாளர்களுக்கு விளக்கியவனே நான்தான்.

ஒரு நாள் உடன் இறங்க வேண்டியவர் வரவில்லை. காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. மாதாவின் உத்தரியத்தை, அந்த மந்திரித்த துணிப் பட்டையை, கழுத்தில் அணிந்தவன் தண்ணீரில் சாகமாட்டான் என்று எங்கள் வீட்டில் நம்புவோம். கழுத்திலிருந்த உத்தரியத்தைத் தொட்டுக் காட்டினேன். கயிறு பிடிக்கும் லாம் சிரித்தார்.

"கயித்தயும் கட்டுங்க முசே. உங்க சாமி மேல இருக்காரு, படகுல நான்தான் இருக்கேன்."

கட்டிக்கொண்டேன். ஆனால் மூழ்கிய படகின் அறைக்குள் நுழையும்போது கயிறு இடைஞ்சலாக இருந்தது. அவிழ்த்து வெளியே கம்பியில் கட்டிவிட்டு உள்ளே போனேன். சேறு கலங்கியது. கண் தெரியவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று புரியவில்லை. காற்று இழுக்க இழுக்கக் கனத்தது.

"மாதாவே, இங்கே சாக விடாதேயும்" என்று உள்ளுக்குள் அழுதேன்.

ஒரு கை என் காலைப் பிடித்தது.

கயிற்றை இழுத்தும் பதில் கிடைக்காததால் லாம் குதித்திருந்தார். உருளை இல்லாமல், மூச்சை அடக்கிக்கொண்டு. மேலே வந்தபோது அவருடைய இடது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை.

விசாரணையில் கம்பெனியின் பிரெஞ்சுத் துரை கேட்டதை நான் லாமிடம் சரியாகச் சொன்னேன். அவர் சொன்ன பதிலை மாற்றினேன். கயிற்றைச் சரியாகக் கட்டாதது தன் தவறு என்று அவர் ஒப்புக்கொண்டதாகச் சொன்னேன். பிரெஞ்சு தெரியாத அவர், தனக்காகப் பேசுகிறேன் என்று நம்பி நன்றியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மனம் ஆறவில்லை. துரையிடம் உண்மையைச் சொன்னேன். என் வேலை போனது, அவருடைய வேலை திரும்பவில்லை. வுங் டாவ் கடற்கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்த லாமைத் தேடிப் போய்க் காலில் விழுந்தேன். அவர் செவிட்டுக் காதை என் பக்கம் திருப்பினார்.

"இதுல சொல்லுங்க முசே. இதுலதான் ஒண்ணும் கேக்காது."

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாம் எழுந்து வலையை எடுத்து, "வல இழுக்கத் தெரியுமா?" என்றார்.

அவர் படகிலேயே சேர்ந்தேன். எப்போதும் அவருடைய இடப்பக்கம் உட்கார்வேன். சில வருடங்களில் போர் மறுபடி முற்றியது. ரோந்துப் படகுகள் குரல் கொடுத்தால் உடனே நிற்க வேண்டும். அவருக்காக நான் கேட்டேன். பல வருடம் அப்படிப் போனது.

எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், வேண்டாம் என்று சொல்லியும் அவர் தனியாகப் போனார். ரோந்துக்காரர்கள் இடப்பக்கமிருந்து கத்தினார்கள். அவர் துடுப்பை நிறுத்தவில்லை. சுட்டுவிட்டார்கள்.

அன்பானவர்களே, ஆண்டவர் கேட்கிறார். ஆற்றின் அடியில் என்னைக் கேட்டார். நம்பிக் கூப்பிடுங்கள். உங்களுக்கு உதவ அவர் அனுப்பும் மனிதரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். லாமின் மனைவி இறக்கும்வரை அந்தப் படகை நான் ஓட்டினேன். பிடித்த மீனைத் தினமும் அவர் வாசலில் வைத்தேன். அவர் எடுத்துக்கொள்வார். கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.